நிலப்பிரபு விழுந்த வேகம்

சீனத்தில் புரட்சி நாடகம் மட்டுமே மேடையேறிய காலம். ஒரு சிறு நகரத்து நாடகக் குழு. விதி கறாரானது: வசனத்தில் ஒரு சொல் மாறக் கூடாது, கதாநாயகனின் தலை எதிரியின் தலைக்குக் கீழே ஒரு நொடிகூடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் அது நடிப்புப் பிழையல்ல, அரசியல் குற்றம். உழைப்பு முகாம்தான்.

கதாநாயகன் வெய் சாங்லினுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். விடுப்பு கேட்கவில்லை, புரட்சி வீரனுக்குக் காய்ச்சல் வருமா என்ன? நான்காம் காட்சியில் நிலப்பிரபுவின் கழுத்தைப் பிடிக்கக் கை நீட்ட வேண்டும். நீட்டினார். முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தார்.

நிலப்பிரபுவாக நடித்த பாவ், கூடவே குப்புற விழுந்து தலையை மேடைப் பலகையில் பதித்தார். யார் முதலில் விழுந்தது என்று முன்வரிசைக்கே தெரியாது. வெய்யின் தங்கையாக நடித்த சூலான், அவருடைய மீதி வசனத்தைப் பிசகாமல் பேசினாள். சபை எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு விளக்குக்காரர் லூ விளக்கை அணைத்தார்.

திரை இறங்கியதும் கட்சிச் செயலாளர் குறிப்பேட்டோடு வந்தார். வீரன் எதிரியின் முன் மண்டியிட்டது யார் குற்றம் என்று கேட்டார். வெய் வாய் திறப்பதற்குள் லூ முந்தினார்: விளக்கை நான் அணைத்ததால் இருட்டில் தடுக்கி விழுந்தார். அடுத்து சூலான்: காட்சியை மாற்றி விழும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், என்னை அனுப்புங்கள்.

“இவர்களுக்கு முகாம் லாரியில் இடம் பிடிக்க அவசரம், தோழரே,” என்றார் பாவ். “பயத்தில் முதலில் விழுந்தவன் நிலப்பிரபு. அவன் தப்பிவிடாமல் கழுத்தை அமுக்கக் குனிந்தவர் வெய். விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றிருக்க வேண்டுமா?”

மூன்றும் பொய். வெய்யை முகாமுக்கு விடுவதில்லை என்பதில் மூவருக்கும் ஒரே பிடிவாதம். இதில் யார் செய்தது சரி?

விடை: பாவ். விளக்கு எரியும்போதே சபை பார்த்தாயிற்று, லூவின் பொய் ஒரு நிமிடம் நிற்காது. சூலானுடையது அதைவிட மோசம். சொல்லிக்கொடுத்தவளோடு கேட்டு நடந்தவரும் போக வேண்டியதுதான். தன்னைப் பலி கொடுப்பது பெரிய காரியம், சரி. வெய் தப்ப வேண்டாமா? பாவும் நாடகத்தை மாற்றினாரே என்பீர்கள். மாற்றினார். ஆனால் புரட்சி வீரன் முன் நிலப்பிரபு விழுந்தது தவறு என்று எழுத எந்தச் செயலாளருக்குக் கை வரும்? குறிப்பேடு மூடியது. மறுநாள் வெய் காய்ச்சலோடு மேடையேறினார்.