சிலேட்டைக் காட்டு, கண்ணு

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. அதை மச்சினன் மகளுக்கென்று முடிவு கட்டிவிட்டார் தேர்வுக்குழுத் தலைவர் நஞ்சப்பர். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவளோ ஆட்டுக்காரர் மகள் பூவாத்தாள். நேர்முகத்துக்கு வந்து நின்றாள்.

"நான்தான் ஒண்ணாப்புப் பையன். எங்கே, பாடம் நடத்து பார்க்கலாம்!" என்றார் நஞ்சப்பர்.

"சரிங்க. கண்ணு, உன் சிலேட்டைக் காட்டு."

சிலேட்டுக்கு எங்கே போவார்? கையில் அகப்பட்ட தாளைத் தூக்கிக் காட்டினார். அது நேர்முகத்துக்கான மார்க்குத் தாள். பூவாத்தாள் பேருக்கு நேரே, பதினைந்துக்கு இரண்டு என்று பென்சிலில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அடடே! டீச்சர் பாடமே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள விடை எழுதிட்டியே! யாரைப் பார்த்துக் காப்பியடிச்சே?"

கூட இருந்த மெம்பர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நஞ்சப்பர் அவசரமாக விரலை நாக்கில் வைத்தார்.

"எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது, கண்ணு. இந்தா ரப்பர்."

ரப்பர் அவள் கைக்குத் திரும்பி வந்தபோது சீட்டும் கூடவே வந்தது.