தவளை விட்ட இடைவெளி

முதல் மழை விழுந்ததும் ஆலங்காட்டு விலங்குகள் எல்லாம் குளக்கரையில் கூடி ஆடும். ஆட்டத்துக்குப் பாட்டு, வட்டக்கண்ணி என்ற தவளையுடையது. இரண்டு முறை கத்தும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி இரண்டு முறை கத்தும். அவ்வளவுதான் பாட்டு.

செங்கொண்டை என்ற மரங்கொத்திக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். "இதெல்லாம் ஒரு பாட்டா? பாதி நேரம் சும்மா கிடக்கு!" என்று கிளை கிளையாகப் போய்ச் சொன்னது. காலத்துக்கும் இந்தக் காடு தன் தாளத்துக்கே ஆட வேண்டும் என்பது அதன் ஆசை. இந்த வருஷம் தாளம் போடுவது நான்தான் என்று அடம்பிடித்தது. வட்டக்கண்ணி அல்லி இலைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

மழை வந்தது. செங்கொண்டை பட்டமரத்தில் உட்கார்ந்து கொத்தித் தள்ளியது. இம்மி இடம் விடவில்லை. முயல்கள் ஆட ஆரம்பித்து, மூச்சு வாங்கி நின்றன. முள்ளம்பன்றி தாளம் தப்பி மான்மேல் இடித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆமை தூக்கிய காலை ஊன்ற வழி தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு எல்லாம் சேர்ந்து வேடிக்கைதான் பார்த்தன. முடிந்ததும், பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தன. செங்கொண்டைக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாள் கழித்து அது கூட்டுக்காகப் பொந்து குடைந்துகொண்டிருந்தது. நினைப்பு எங்கோ இருந்தது, அலகு தன்பாட்டுக்குக் கொத்தியது. டொக், டொக். கீழே தொம் என்று ஒரு சத்தம். டொக், டொக். மறுபடியும் தொம்! எட்டிப் பார்த்தால், ஆமை மண்ணில் காலை ஊன்றி ஆடிக்கொண்டிருந்தது. முயல்களும் ஓடி வந்து சேர்ந்துகொண்டன.

"வட்டக்கண்ணி பாட்டு உனக்கும் பிடிக்குமா? சொல்லவே இல்லையே!" என்றது ஒரு முயல், கபடில்லாமல்.

செங்கொண்டையின் அலகு நின்றது. தன் தாளத்தை நினைத்துப் பார்த்தது. தொடக்கம்கூட ஞாபகம் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அரைகுறைப் பொந்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, முயல்கள் போகும்வரை வெளியே எடுக்கவில்லை.

சாயங்காலம் குளத்துக்குப் போனது. மன்னிப்புக் கேட்கத்தான் போனது.

"நடுவுல எதுக்கு நிறுத்துறே?" என்று மட்டும் கேட்டது.

"ஆமைக்குக் கால் ஊன்ற நேரமாகும். ஊன்றட்டுமேன்னு நிறுத்தினேன். அப்புறம் எல்லாரும் அந்த இடத்துலதான் மிதிக்க ஆரம்பிச்சாங்க" என்றது வட்டக்கண்ணி, சாதாரணமாக.

அந்தச் சாதாரணம்தான் செங்கொண்டையைக் கூசவைத்தது. இத்தனை வித்தை காட்டியும், ஓர் ஆமையின் காலுக்கு இடம் வைக்கத் தோன்றவில்லையே!

"நான் பேசினது தப்பு. அடுத்த மழைக்கு நீயே பாடு" என்றது, தலை நிமிராமல்.

"நீயும் வா. நிறுத்துற இடத்துல மட்டும் கொத்தாதே."

அடுத்த மழையில் இரண்டும் சேர்ந்து இசைத்தன. நிறுத்தம் வந்தபோதெல்லாம் செங்கொண்டை அலகை மூடிக்கொண்டது. தொம் என்று காடே மிதித்தது.

பாடுகிறவரின் திறமையை மட்டும் காட்டும் பாட்டு அன்றைக்கே மறந்துபோகும்; ஆடுகிறவரின் காலுக்கு இடம் விடும் பாட்டுதான் காலத்துக்கும் நிற்கும்.