எழுந்து போகாதவள்

“கணக்கில் எங்கோ பிழை,” என்றார் தில்லைநாயகம். “ஒருத்தி மட்டும் எழவில்லை.”

பெருங்கூட்டங்கள் எப்படி நகர்கின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்பவர் அவர். அந்தக் கணிதத்தை அவருக்குக் கற்பித்தவர் நாச்சியார். வயதில் அவரைவிட இளையவர்.

என்ன நடந்தது என்று நாச்சியார் கேட்டார்.

ஏரியை மூடிச் சாலை போடக் கூடாது என்று ஏழெட்டு ஊர்ச் சனம் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தது. அடிதடி இல்லாமல் கூட்டம் கலைய வேண்டும் என்று அதிகாரிகள் தில்லைநாயகத்திடம் வந்தார்கள். எந்தெந்த இடத்தில் யார் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்று அவர் கணக்கிட்டுக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் மாதிரி உடுத்திய சிலர் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியதும் அலுத்துப்போனவர்கள் போல எழுந்து நடந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு எல்லோரும்.

“யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.” சொல்லும்போதே அவர் குரல் தணிந்தது.

நாச்சியார் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்தார்.

“எழாத இவர் பெயர் என்ன?”

“தெரியாது.”

“தெரிந்துகொண்டு வாருங்கள். அப்புறம் பிழையைத் தேடலாம்.”

மறுநாள் காலை தில்லைநாயகம் அந்த அலுவலகத்துக்குப் போனார். வாசலில் ஒரே ஒரு பாய், அதில் ஒருத்தி. அவரைப் பார்த்ததும் அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்காரவில்லை. பெயர் கேட்டார். காத்தாயி என்றாள். மற்றவர்களுக்கு வீட்டில் ஏதாவது வேலை இருந்திருக்கும் என்றாள். முதலில் எழுந்தவருக்கு உடம்புக்கு முடியவில்லையோ, இப்போது தேவலையா என்று விசாரித்தாள். கூடவே இருந்த தங்கச்சியும் சொல்லாமல் போய்விட்டதைச் சொன்னபோது மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

தில்லைநாயகம் ஓரடி நெருங்கி வந்தார்.

“முதல்ல எழுந்தவர் உங்க ஆள் இல்லைம்மா. எழுந்து போறதுக்குன்னே அனுப்பின ஆள். பின்னாடியே எல்லாரும் போவாங்கன்னு கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான்.”

திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றார்.

“அப்ப எங்க சனம் மனசு விட்டுப் போகலையா?”

நிமிர்ந்தார். அவள் முகம் தெளிந்திருந்தது. அவர் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் இந்த எடம் காலியாக் கெடக்கக் கூடாது. உக்காருங்க.”

தில்லைநாயகம் செருப்பைக் கழற்றினார்.