குடைக்குக் கீழே கிரகணம் தெரியாது

முன்னொரு காலத்தில் என்று தொடங்கிவிட்டால் அரசர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அது தன்னைப் பற்றியது என்று எந்த அரசரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆகவே, முன்னொரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டில் பரிதிவர்மர் என்றோர் அரசர் இருந்தார். சூரியனே அவர் குலத்துக்கு மூத்தவர் என்று பாடித்தான் புலவர்கள் அவரைத் தினமும் எழுப்புவார்கள்.

அந்த மூத்தவரைக் கிரகணம் பிடிக்கும் நாட்களில் மட்டும் அரசரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். சன்னல்களில் கம்பளம் தொங்கும். தண்ணீர்ப் பானைமேல் தர்ப்பை கிடக்கும். கிரகண தோஷம் அரசர்மேல் பட்டால் நாடே கெடும் என்பது அரண்மனை ஜோதிடர் திரிகால பண்டிதரின் வாக்கு. அந்த இருட்டில் அரசர் தாரை வார்த்துப் பொன்னும் பட்டும் பசுவும் தானம் கொடுப்பார். பண்டிதர் இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டு, "மன்னரின் தோஷம் தானத்தோடு என் கைக்கு வந்தது. நாட்டுக்காக நான் சுமக்கிறேன்" என்று கம்மிய குரலில் சொல்வார். பிறகு ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, பசுக்களை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இத்தனை தோஷத்தைச் சுமந்தவர் ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போவது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாததைக் கேட்பதற்கென்றே அந்த அரண்மனையில் சம்பளம் வாங்கியவன் ஒருவன் உண்டு. சாத்தப்பன் என்று பெயர், அரசவை விகடன். அவனும் அதுவரை கேட்கவில்லை.

ஒரு வருடம், முழுச் சூரிய கிரகணம் வருவதாகப் பண்டிதர் கணித்துச் சொன்னார். தலைநகரில் பாதிதான் மறையும். தெற்கெல்லையில் இருக்கும் கழுகுப்பாறையில் சூரியன் முழுக்க மறைந்து, பட்டப்பகலில் விண்மீன் தெரியும்.

"நாம் அங்கே போகிறோம்" என்றார் அரசர். "குலத்து மூத்தவருக்கு இடர் வரும்போதெல்லாம் நம்மைக் கம்பளத்துக்குள் ஒளித்து வைக்கிறீர்கள். ஒருமுறையாவது எதிரே நின்று பார்க்க வேண்டும்."

பண்டிதர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். அரசர் வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்துவிட்டால், அப்புறம் இருட்டறை எதற்கு? தானம் எதற்கு?

ஆனால் அரசர் வேண்டும் என்றதை அரசவையில் யாரும் கூடாது என்று சொல்வதில்லை. ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லியே அதை நடக்கவிடாமல் செய்துவிடுவார்கள். ஏற்பாடுகள் தொடங்கின. இருட்டினால் யானை மிரளும் என்றார் ஒருவர். யானை இல்லாமல் போனால், வந்திருப்பது அரசர் என்று சூரியனுக்கு எப்படித் தெரியும் என்றார் இன்னொருவர். புலவர்கள், கிரகணத்தைக் கண்டு அரசர் வியந்த வியப்பைப் புறப்படுவதற்கு முன்பே பாடி முடித்தார்கள். கடைசியில் எல்லாம் வெண்கொற்றக் குடையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அரசர் வெளியே வந்தால் தலைக்கு மேல் குடை இருந்தாக வேண்டும். கிரகணமோ உச்சிவேளையில். குடை இருந்தால் சூரியன் தெரியாது. குடையில் ஓட்டை போடலாம் என்றார் அமைச்சர். ஓட்டைக் குடை ஆட்சிக்கு ஆகாது என்றார் பண்டிதர். இதற்காகவே அவை பல நாள் கூடிக் கலைந்தது.

சாத்தப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அரசே, குடை உங்களுக்கா, கிரீடத்துக்கா? நீங்கள் குளிக்கும்போது யாரும் குடை பிடிப்பதில்லையே. அன்று ஒருநாள் கிரீடத்தைக் கழற்றி வேறு யார் தலையிலாவது வைத்துவிட்டு, ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள்" என்றான்.

அவை சிரித்தது. பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, விரல்களை மடக்கி, உதட்டை அசைத்து, பிறகு எழுந்தார்.

"விகடன் வாயில் தெய்வம் பேசியிருக்கிறது, பிரபோ."

முழுக் கிரகணத்தின் தோஷம் அரசுரிமை யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் சேரும் என்று அவர் விளக்கினார். வேறொருவனுக்கு முடிசூட்டிவிட்டால் அரசர் தாராளமாகப் பார்க்கலாம். சூட்டிக்கொள்பவன் அரசரின் நட்சத்திரத்தில் பிறந்தவனாக இருக்க வேண்டும். தெய்வாதீனமாக விகடனுக்கும் அதே நட்சத்திரம். கிரகணம் விடும்போது அரசுரிமை யாரிடம் இருக்கிறதோ, அவரைத் தோஷத்தோடு அக்கினியில் சேர்த்துவிட வேண்டும். கிரீடம் மன்னருக்கே திரும்பிவிடும். அக்கினி என்ற சொல்லை மட்டும் பண்டிதர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

எல்லோரும் அரசரைப் பார்த்தார்கள். அரசர் தன் மோதிரத்தைப் பார்த்தார். ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்ததை அமைச்சர் ஆணையாக எடுத்துக்கொண்டார்.

சாத்தப்பன் முன்னே வந்து கும்பிட்டான். "பண்டிதரே, இரண்டு சந்தேகம். நான் மெய்யாகவே அரசனா, வேஷம் கட்டிய அரசனா?"

"மெய்யாகவே. கோள்களை ஏமாற்ற முடியாது. கிரகணம் பிடித்ததிலிருந்து விடும்வரை நாடும் முடியும் உன்னுடையவை. உன் சொல்லே ஆணை."

"கிரகண காலத்தில் அரசர் தானம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே. நானும் கொடுக்க வேண்டுமா?"

அரசன் என்றால் அவன் உடம்பில் அரச ஆபரணங்கள் இருக்கும். பண்டிதர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து, அடங்கியது. "கட்டாயம். தானம் இல்லாமல் கிரகணம் ஏது?"

புறப்படும் நாளன்று சாத்தப்பனின் மனைவி ஆவுடை கட்டுச்சோற்று மூட்டையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். தானும் வருவதாகச் சொன்னாள். பிறகு, "இப்பவே கிளம்பி மேற்கே ஓடிருவோம். உங்களை யாரு தேடப்போறா?" என்றாள்.

"ராசாவாகப் போறவனைத் தேட மாட்டாங்களா?"

"விளையாடாதீங்க. எதை நம்பி இப்படி நிக்கிறீங்க?"

"ஒரு பழக்கத்தை."

"யாரு பழக்கத்தை?"

அவன் சொல்லவில்லை. சொன்னால் தனக்கே அது எவ்வளவு மெலிந்த நூல் என்று தெரிந்துவிடும் போலிருந்தது.

ஊர்வலம் கழுகுப்பாறையை அடைந்தது. சிங்காசனத்தைச் சுமையாட்கள் பாறைமேல் ஏற்றினார்கள். அதன்பின் விறகையும் ஏற்றினார்கள். எந்த விறகு நின்று எரியும் என்று பண்டிதரே பார்த்துப் பார்த்து அடுக்கச் சொன்னார். கிரகணம் பிடித்ததும் சாத்தப்பனைக் குளிப்பாட்டி, ஆபரணம் பூட்டி, முடிசூட்டிச் சிங்காசனத்தில் உட்கார வைத்தார்கள். வெண்குடை அவன் தலைக்கு மேல் விரிந்தது. படைத்தலைவன் மல்லையன் சிதைக்குப் பக்கத்தில் தீப்பந்தத்தோடு நின்றான்.

பரிதிவர்மர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுமையாட்கள் நடுவே போய் உட்கார்ந்தார். அவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அரசர் வரும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பது கட்டளை. ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைத்து, அதில் சூரியன் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவரே, செத்த தள்ளி உக்காரும். மறைக்குது" என்றான் ஒருவன். அரசர் தள்ளி உட்கார்ந்தார்.

"அந்த விறகு எதற்கு?" என்று கேட்டார்.

"கிரீடம் வச்சிருக்காரே, அவரை எரிக்க. தூக்கிட்டு வந்ததே நாங்கதான்."

"யார் எரிக்கச் சொன்னது?"

"ராசாதான்."

"சொன்னாரா?"

"சும்மா இருந்தாராம். அது போதுமாம்." அவன் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நம்மளை மாதிரி ஆளு சும்மா இருந்தா ஒண்ணும் நடக்காது பெரியவரே. அவங்க சும்மா இருந்தா ஒரு உசிரு போயிரும்."

அரசர் திரும்பி அந்த விறகைப் பார்த்தார்.

வெயில் நிறம் மாறியது. மரத்தடியில் கிடந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாகத் தேய்ந்தன. காற்று குளிர்ந்தது. பறவைகள் அவசரமாகக் கூட்டுக்குத் திரும்பின. மேற்கேயிருந்து ஒரு நிழல் மலைகளையும் வயல்களையும் தின்றுகொண்டு வந்து பாறைமேல் ஏறியது. எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டம். அதைச் சுற்றி, மிக வயதான ஒருவரின் நரைமுடி காற்றில் பிரிந்ததுபோல் வெள்ளை ஒளி. அதன் பக்கத்தில் ஒரு விண்மீன். புலவர்கள் வாயடைத்துப் போனார்கள். முன்பே எழுதி வைத்திருந்த எதிலும் இது இல்லை. அரசர் தலைத்துண்டை அவிழ்த்து, குலத்து மூத்தவரைக் கும்பிட்டார்.

அந்த இருட்டில் சாத்தப்பன் தாரை வார்க்கும் கெண்டியைக் கையில் எடுத்தான். "கிரகண தானம்" என்றான். "கோள்கள் சாட்சியாக இப்போது என்னிடம் உள்ள அனைத்தையும் கொடுக்கிறேன். வாங்குபவர் யார்?"

பாறைமேல் இருந்த அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குவிந்த இரண்டு கைகள் இருட்டில் வந்து நின்றன. தண்ணீர் விழுந்தது.

"பெற்றுக்கொண்டேன்" என்றார் திரிகால பண்டிதர். அத்தனை வருடப் பழக்கம். மீதியும் தானாக வந்துவிட்டது. "தோஷத்தையும் நானே சுமக்கிறேன்."

கரிய வட்டத்தின் ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் தெறித்தது. பகல் திரும்பியது. சாத்தப்பன் ஆபரணங்களைக் கழற்றிப் பண்டிதருக்குப் பூட்டினான். அதுவரை அவருக்கு எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு கிரீடத்தையும் எடுத்து அவர் தலையில் வைத்தான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சிங்காசனத்தில் உட்கார வைத்து, தரையில் விழுந்து கும்பிட்டான்.

"இது என்ன?" என்றார் பண்டிதர்.

"தானம், அரசே. நாடும் முடியும் என்னுடையவை என்று சொன்னது தாங்கள். தானத்தோடு தோஷமும் கைமாறும் என்று சொன்னதும் தாங்கள். இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன."

மல்லையன் சிங்காசனத்தைப் பார்த்தான், தீப்பந்தத்தைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: கிரகணம் விடும்போது அரசுரிமை யாரிடம் இருக்கிறதோ அவர். முகம் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. அவன் நடந்து வந்து பண்டிதரின் வலப்பக்கத்தில் நின்றான்.

கிரகணம் முழுக்க விட இன்னும் நேரம் இருந்தது. பண்டிதர் கெண்டியைப் பறித்தார். தானும் அரசர்தானே, தானும் தானம் கொடுக்கிறேன், யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அமைச்சர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். புலவர்கள் அக்குளில் செருகிக்கொண்டார்கள். பரிசுக்காக வாழ்நாளெல்லாம் நீண்டிருந்த கைகளில் அப்போது ஒன்றுகூட வெளியே இல்லை. மஞ்சள் தண்ணீரில் சூரியன் நிறைந்துகொண்டே வந்தது.

அப்போது தலையில் துண்டு இல்லாத ஒருவர் சுமையாட்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தார். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகு எல்லோரும் தலை குனிந்தார்கள். அவர் பண்டிதர் முன்னால் கைகளைக் குவித்தார்.

"எமக்குக் கொடும்."

பண்டிதர் கெண்டியைச் சாய்க்கப் போனார்.

"பொறும். இதில் தோஷம் இருக்கிறதா? இருந்தால் உம்மிடமே இருக்கட்டும், விறகு அடுக்கியிருக்கிறது. இல்லையென்றால் கொடும்."

பண்டிதரின் உதடு மட்டும் அசைந்தது.

"சுமையாட்களுக்கும் கேட்க வேண்டும்."

"தோஷம் இல்லை, பிரபோ."

"இன்று இல்லையா, என்றுமே இல்லையா?"

"என்றுமே இல்லை."

தண்ணீர் விழுந்தது. பரிதிவர்மர் கிரீடத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் தலையில் வைக்கவில்லை. கிரகணம் விட்டது. மல்லையன் இப்போது அவர் பக்கத்தில் வந்து நின்று, ஆணை என்ன என்று கேட்டான்.

அரசர் இந்த முறை மோதிரத்தைப் பார்க்கவில்லை. "யாரையும் எரிக்க வேண்டாம்" என்றார். "இதை நாம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்." பிறகு விகடனைப் பார்த்தார். "என்ன வேண்டும், சாத்தப்பா? எது வேண்டுமானாலும் கேள்."

"அந்த விறகு வேண்டும், அரசே. கிரகணம் என்று எல்லோரும் காலையிலிருந்து பட்டினி. நல்ல விறகு, பண்டிதர் பார்த்துப் பார்த்து எடுத்தது."

ஆவுடை யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்ச் சிதையின் உச்சிக் கட்டையை இழுத்துக் கீழே போட்டாள். அடுத்ததையும் இழுத்தாள். கடைசிக் கட்டை விழும்வரை அவள் அழவில்லை. மல்லையன் தீப்பந்தத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். கல் கூட்டி உலை வைத்தார்கள்.

சோறு வேகும்போது அரசர் விகடன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்படி இருந்தது பார்த்தாயா? அந்த வெள்ளை ஒளி?"

"நான் எங்கே பார்த்தேன்? அந்த நேரத்தில் அரசனாக அல்லவா இருந்தேன். தலைக்கு மேல் குடை."

பரிதிவர்மர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வர, பாறையைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். பண்டிதரிடமிருந்து திரும்பி வந்த ஆபரணங்களில் ஒரு முத்துமாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார்.

"தாரை வார்க்க வேண்டாமா?" என்றான் சாத்தப்பன், சந்தேகத்தோடு அதைத் தொட்டுப் பார்த்து.

"வெறும் மாலைதான். நம்பி வாங்கிக்கொள்."

பிறகு அவர், சூரியன் எப்படி மறைந்தது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சோறு வந்தது. அவர் நிறுத்தவில்லை. வெண்குடை ஒரு ஓரமாகப் பாறையில் சாய்ந்து கிடந்தது.