மேல்வீட்டு அபிஷேகம்

செண்பகம் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வாதத்தில் விழுந்த புருஷன் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகி, சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. மேல்வீட்டு நாகலிங்கமோ குடியிருப்புச் சங்கத் தலைவர். "என் வீட்டுத் தண்ணின்னு நிரூபிச்சுக் காட்டும்மா" என்று கையை விரித்துவிட்டார். அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிப் பார்த்தாள்; ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

செண்பகம் கட்டிலை நகர்த்தினாள். ஒழுகும் இடத்தில் பிள்ளையார் படத்தை வைத்து விளக்கேற்றினாள். வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். மறுநாள் மொத்தக் குடியிருப்பும் சொம்போடு வந்து, படத்தின் மேல் சொட்டும் நீரைத் தீர்த்தமென்று பிடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தலைவருக்குப் பொறுக்குமா? இறங்கி வந்தார்.

"இவ வீட்டுல ஏது அற்புதம்? நான் தினம் பண்ற அபிஷேகத் தண்ணிதான் கீழே இறங்குது!"

"உங்க வீட்டுத் தண்ணிதானே சார்? எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் செண்பகம். "இதுக்கு நேர் மேலே உள்ளறையில நீங்க புதுசா கட்டினது கக்கூஸ்."

சொம்புகள் கவிழ்ந்தன. தலைவர் அங்கேயே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று சீறினாள் எதிர்வீட்டு டீச்சர்.

"மனுஷன் தலையில விழுதுன்னு சொன்னேனே டீச்சர். அப்ப ஒருத்தரும் வரலையே."