கழற்றிய தகடு

மாசிலாமணி லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தேங்காயை நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வாங்காமலே திரும்புகிற ரகம். அந்த ஊரில் எந்த அடுக்குமாடிக்கும் தீ ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க அவன்தான் போவான். அந்த வேலைக்குத் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ரெஜினா மேடம். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர்.

அந்தத் தடவை அவன் போனது பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. வெளிச்சுவர் முழுக்கப் புதிதாக ஏசிபி ஷீட் ஒட்டிப் பளபளவென்று நின்றது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே ஒரு பொருள். அது நல்லதென்றால் நெருப்பில் கருகும், அவ்வளவுதான். மட்டமானதென்றால் தீ விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடும்.

உச்சி மாடியில் அவன் தங்கை செவ்வந்தி இருந்தாள். அவள் கணவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தீப்பிடித்தால் லிஃப்டும் நின்றுவிடும். இருக்கலாமா, காலி பண்ணலாமா என்று கேட்டிருந்தாள். 

குடியிருப்பின் மேனேஜர், அந்த ஷீட்டின் மாதிரித் துண்டு ஒன்றை நீட்டினார். மாசிலாமணி வாங்கவில்லை. சர்ட்டிபிகேட்டைக் காட்டினார். அதையும் நம்பவில்லை. சுவரிலிருந்து நானே கழற்றுவேன் என்றான். தாராளமாக, எங்கே வேண்டுமானாலும் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவர் கை காட்டிய பக்கத்தை விட்டுப் பின்பக்கம் போனான். எங்கே போனாலும் வண்டியில் கட்டிக்கொண்டு போகிற ஏணியைச் சாய்த்து, மேல் படியில் நின்று ஒரு தகட்டைக் கழற்றினான். நெருப்பு வைத்தான். கருகியது, எரியவில்லை.

அப்பாடா என்றிருந்தது. நேரே மேடத்திடம் போய்ச் சொன்னான். யார் யாரைச் சந்தேகப்பட்டாய் என்று அவர் கேட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்ட வாட்ச்மேன் வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை என்றான் பெருமையாக.

“வா, உன் தங்கச்சி வீட்டுல டீ குடிக்கலாம்” என்று மேடம் எழுந்தார்.

டீயை அவர் தொடவே இல்லை. பால்கனிக்குப் போய், கை நீட்டி, பக்கத்துச் சுவரில் ஒரு தகட்டைக் கழற்றினார். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். குப்பென்று பிடித்தது. நடுவில் இருந்தது உருகி, எரிந்துகொண்டே சொட்டியது.

கூடவே ஏறி வந்திருந்த செவ்வந்தி கீழே போய்க் கணவனின் மருந்துகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

மாசிலாமணி குனிந்து எரிந்த தகட்டைப் பார்த்தான். “இடத்தை நான்தானே மேடம் தேர்ந்தெடுத்தேன்? எவனையும் நம்பலையே?”

“எல்லாக் கட்டடத்துக்கும் அந்த ஏணியோடதான் போறியா?”

“ஆமா மேடம். ஊருக்கே தெரியுமே.”

“அது எட்டுற உயரம் வரைக்கும் நல்ல ஷீட்டுதான் போட்டிருக்கான்.”