கொக்கேந்தலுக்கு வந்து சேரும் வழி

கொக்கேந்தல்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது. ஊர்ப் பொதுச்சொத்து என்பதால் தனியாள் யாரும் எடுத்துச் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் பூவலிங்கம் என்று ஒரு மிளகாய் விவசாயி. அந்த வருசம் அவன் களத்தில் குண்டு மிளகாய் காய்ந்து வத்தலாகி, சிவப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. உள்ளூர்த் தரகன் கேட்ட விலை பழம் பறித்த கூலிக்குக்கூடக் காணாது. கிழக்கே கடல் பக்கம் மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, டவுனிலிருந்து செய்தி வந்தது: ஹென்ரிக் என்கிற வெள்ளைக்கார வியாபாரி நேரிலேயே வந்து பார்ப்பார், பிடித்தால் மொத்தத்தையும் வாங்கிக்கொள்வார், வழியை மட்டும் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

“இவ்வளவுதானே!” என்றார் பிரசிடென்ட் சாத்தையா. கையோடு டவுனிலிருந்து ஜெசிந்தா டீச்சரைக் கூட்டிவந்தார்.

டீச்சர் நல்ல டீச்சர். வழி சொல்லத் தேவையான வார்த்தைகளைப் பிட்டுப் பிட்டு வைத்தார். சாலை ஓரமாகவே போனால் அலாங். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கடந்தால் அக்ராஸ். மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஓவர். உள்ளே நுழைந்தால் இன்டூ. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் த்ரூ. விட்டு விலகிப் போனால் அவே ஃப்ரம். கிளம்பும்போது ஒரு புத்திமதியும் சொன்னார்: “படிச்ச வார்த்தை எதையும் சும்மா போட்டு வைக்காதீங்க, துருப்பிடிச்சிரும். எல்லாத்தையும் பயன்படுத்துங்க. ஆனா சரியான இடத்துல மட்டும் பயன்படுத்துங்க.”

அவர் பஸ் ஏறிப் போனார். ஊரைச் சனி பிடித்தது.

ஏனென்றால் கொக்கேந்தல் பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே ஒரே ஒரு சாலை. அதன் கடைசியில் பூவலிங்கத்தின் களம். நிறுத்தத்தில் நின்றாலே வத்தல் குவியல் கண்ணுக்குத் தெரியும். தும்மலும் வரும்.

“அப்படின்னா ‘அலாங்’ மட்டும் போதுமே,” என்றான் பூவலிங்கம் பயந்துகொண்டே.

“மத்த வார்த்தையெல்லாம்?” என்றான் வில்வத்துரை. அவன் பூவலிங்கத்தின் மச்சான், ஊர் மைக்செட்காரன். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன். “டீச்சர் என்ன சொல்லிட்டுப் போனாங்க? துருப்பிடிக்க விடலாமா?”

“விடக் கூடாது,” என்றார் சாத்தையா. “வழியைக் கொஞ்சம் படிச்ச ஆளுக வழியா மாத்திருவோம்.”

மாற்றினார்கள். விருந்தாளி கொஞ்ச தூரம் சாலையோடு வருவார், அது அலாங். பிறகு தண்ணீர் வற்றிச் சேறாய்க் கிடக்கும் ஊருணியைக் கடப்பார்; அது அக்ராஸ். பள்ளிக்கூட மதில்மேல் ஏணி போட்டு ஏறி இறங்குவார், அது ஓவர். அடுத்து பூவலிங்கத்தின் வீட்டுக்குள் நுழைவார், அது இன்டூ. வீட்டுக்குப் பின்னால்தான் களம். ஆனால் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது.

“‘த்ரூ’வுக்கு நம்மூர்ல சரியான இடமே இல்லையே,” என்று வில்வத்துரை தலையில் கை வைத்தான்.

“இல்லாட்டி என்ன? உண்டாக்குவோம்,” என்றார் சாத்தையா. “பூவலிங்கம், கடப்பாரை இருக்கா?”

போன தை மாசம்தான் அவன் பால் காய்ச்சின வீடு. சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. பூவலிங்கம் சுவரைப் பார்த்தான், வத்தலைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான். கடப்பாரையை எடுத்தான்.

“ஏங்க, என்ன செய்யிறீங்க?” என்று ஓடிவந்தாள் அவன் மனைவி ராக்கம்மா.

“இங்கிலீஷ் பேசுறேன், தள்ளி நில்லு.”

ஓட்டை தயாரானதும் ஒத்திகை பார்த்தார்கள். வெள்ளைக்காரராக நடித்தது சாத்தையா. உருவத்தில் பாதிதான் வெளியே வந்தது. மீதி அடுப்படியிலேயே நின்றது. பின்னாலிருந்து ராக்கம்மா விளக்குமாற்றால் தள்ளியதில் பிரசிடென்ட் பதவியேற்ற நாளுக்குப் பிறகு முதல்முறையாக முன்னேறினார்.

“வர்றவர் எந்த அளவு ஆளுன்னு யாருக்குத் தெரியும்?” என்று கவலைப்பட்டான் வில்வத்துரை. அந்தக் கவலை தீர, மாட்டுவண்டி போகிற அளவுக்குச் சுவரை இடித்தார்கள்.

மிஞ்சியது ‘அவே ஃப்ரம்’. மற்ற வார்த்தையெல்லாம் களத்தைப் பார்த்து நடந்தன, இது ஒன்று மட்டும் முதுகைக் காட்டியது. “பிறகு பார்த்துக்கலாம்,” என்று ஒதுக்கி வைத்தார்கள்.

குறித்த நாள் வந்தது. சாத்தையா மாலையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். வில்வத்துரை மதில்மேல் உட்கார்ந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். பூவலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டைக்குள் காவல் நின்றான். பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்த சாத்தையா, பின்னால் போன காரைக் கவனிக்கவில்லை.

அது செல்போன் காட்டிய வழியில் நேராகக் களத்துக்கே வந்து நின்றது. ஹென்ரிக் இறங்கினார். ஒரு வத்தலை எடுத்துக் கடித்தார். முகம் வத்தல் நிறத்துக்கு வந்தது, கண்ணில் தாரையாக நீர் கொட்டியது. கட்டைவிரலை உயர்த்தினார்.

“அண்ணாச்சி, யோகக்காரர்யா நீங்க!” என்றார் மதுரைக்கார டிரைவர். “மொத்தத்தையும் எடுத்துக்கிறாராம். தரகன் விலைக்கு ரெண்டு பங்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஓட்டையிலிருந்து வெளியே வந்த பூவலிங்கம் வாயைத் திறந்தான். சரி என்கிற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மற்ற இருவரும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

“மாப்ள, வாயை மூடு! இவர் இன்னும் வரவே இல்லையே,” என்றான் வில்வத்துரை.

“வந்து நிக்கிறாரேய்யா!” என்றார் டிரைவர்.

“நிக்கிறார். நாங்க இல்லைங்கலை. ஆனா ‘அலாங்’கை மட்டும் வச்சு வந்திருக்கார். படிக்காதவன் வர்ற வழி அது.”

“நாளைக்கு விஷயம் வெளிய தெரிஞ்சா,” என்றார் சாத்தையா, “கொக்கேந்தல்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நாலு ஊர் பேசும். பூவலிங்கம், சுவரை எதுக்கு இடிச்சே?”

அந்தக் கேள்விதான் பூவலிங்கத்தைத் தொட்டது. இடித்த சுவர் வீணாகப் போகலாமா?

ஹென்ரிக்கைக் காரில் ஏற்றி பஸ் நிறுத்தத்துக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். இது இந்த ஊர் வழக்கமாக்கும் என்று மனுசன் சிரித்துக்கொண்டே இசைந்தார். “அலாங்!” என்று மூவரும் கத்த, நடந்தார். “அக்ராஸ்!” ஊருணிச் சேற்றில் ஒரு செருப்பை விட்டார். “ஓவர்!” மதில்மேல் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டார். “இன்டூ!” ராக்கம்மாவின் புளிக்குழம்புச் சட்டியில் இடறினார். “த்ரூ!” தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு களத்தில் வந்து விழுந்தார். இருந்தும் நல்ல மனுசன். எழுந்து, பூவலிங்கத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

பூவலிங்கமும் கையை நீட்டினான். விரலும் விரலும் தொடப் போகிற நேரம்.

“மாப்ள, ஒரு வார்த்தை மிச்சம் கிடக்கே!” என்றான் வில்வத்துரை.

மூவரும் தலையை ஒட்டிவைத்து ஆலோசித்தார்கள். “கை குடுத்துட்டுச் சொல்லுவோமா?” என்றான் பூவலிங்கம், பாவம்.

“கை குடுத்துட்டா காரியம் முடிஞ்சிரும். முடிஞ்ச காரியத்துல வார்த்தையை எங்கிட்டுச் செருகுறது?” என்றார் சாத்தையா. “முதல்ல படிப்பு, பிறகு வியாபாரம்.”

மூன்று பேரும் வரிசையாக நின்று, சாலையைக் கைகாட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள்: “அவே! அவே! அவே ஃப்ரம்!”

ஹென்ரிக் நீட்டிய கையை மெல்ல மடக்கினார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் காரைப் பார்த்தார். கார் கிளம்பி, சிறிசாகி, புள்ளியாகி மறைந்தது.

மூவரும் கைதட்டினார்கள். ஒரு வார்த்தைகூடத் துருப்பிடிக்கவில்லை. எல்லாம் சரியான இடத்தில்.

கொஞ்ச நேரம் கழித்து பூவலிங்கம் கேட்டான்: “சரி மச்சான், இப்ப திரும்பி வரச் சொல்றதுக்கு என்ன வார்த்தை?”

வில்வத்துரை யோசித்தான். “அது அடுத்த மாசப் பாடம்.”

அப்போது மழை பிடித்தது. மதில் தாண்டி, ஊருணியை நிரப்பிக் கடந்து, சாலையெல்லாம் ஓடி, முன்வாசலில் புகுந்து, இடித்த சுவர் வழியே களத்தில் பாய்ந்தது.

“வத்தல் போச்சே!” என்று மாரில் அடித்துக்கொண்டாள் ராக்கம்மா.

“ச்சூ, சும்மா இரு,” என்றான் பூவலிங்கம், வாய் பிளந்து. “மழையைப் பாரு. ஓவர், அக்ராஸ், அலாங், இன்டூ, த்ரூ… ஒண்ணுகூடத் தப்பில்லாம வந்திருக்கு!”

“கடல் பக்கமிருந்து வருதுல்ல? வெளிநாட்டுல படிச்சதா இருக்கும்,” என்றார் சாத்தையா மரியாதையாக.

வத்தல் குவியல் கரைந்து, சிவப்பு ஆறாக, வெள்ளைக்காரர் போன திசையிலேயே மிதந்து கிளம்பியது.

“பாரு மாப்ள, வாங்க வந்தவரைத் தேடித் தானாப் போகுது,” என்றான் வில்வத்துரை. “லாரி வாடகை மிச்சம்.”

பூவலிங்கத்தின் முகம் அப்போதுதான் தெளிந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, மிதந்துபோகிற வத்தலுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினான்:

“அலாங்லயே போங்க! எவன் வீட்டுக்குள்ளயும் இன்டூ போயிறாதீங்க!”